மடித்தொகை

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மோனிஷாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. ஓவர்லாக் மெஷினில் பனியன் தோள்பட்டையை ஓட்டிக்கொண்டிருந்தவள் ஒரு கண்ணால் திரையைப் பார்த்தாள். அரசாங்கச் செய்தி. மாதத் தொகை வந்திருக்கும் என்று நினைத்துத் திறந்தாள்.

'தங்கள் மகள் தாரகைக்கான மடித்தொகை இம்மாதம் முதல் குழந்தையின் முதன்மைப் பராமரிப்பாளர் திருமதி சுகந்தி அவர்களுக்கு வழங்கப்படும். குழந்தையின் நலனில் தாங்கள் காட்டிவரும் அக்கறைக்கு நன்றி.'

இரண்டு முறை படித்தாள். கால் பெடலிலேயே இருந்ததால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி ஊசிக்கடியில் சுருண்டு, தோள்பட்டையும் கழுத்தும் ஒன்றாகத் தைபட்டுப் போயின.

திருப்பூரில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். தாரகைக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. தாரகையின் அப்பா பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அதனால் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொண்டது லைன் வீட்டில் எதிர்ப்பக்கம் குடியிருந்த சுகந்திதான். நாற்பத்தாறு வயது, கணவர் இல்லை, பிள்ளை இல்லை. பஞ்சுத் தூசு மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, காலையில் வாசலில் இட்லி விற்றுப் பிழைத்தாள்.

அன்று மோனிஷா வீடு திரும்பியபோது சுகந்தி கதவருகிலேயே நின்றிருந்தாள். அவளுக்கும் செய்தி வந்திருந்தது.

"மோனி, நான் எதுக்கும் எழுதிக் குடுக்கல. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். கையோடு எடுத்து வைத்திருந்த பணத்தை மோனிஷாவின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். "உம் புள்ளைக்கு வந்தது. எனக்கு எதுக்கு?"

அடுத்த மாதம் சுகந்திக்கு எச்சரிக்கை வந்தது. தொகை, குழந்தை பராமரிக்கப்படும் வீட்டுக்கு வெளியே போவதாகத் தெரிகிறது, தொடர்ந்தால் நிறுத்தப்படும் என்று. அதன் பிறகு பாலும் பழமும் கவுனும் சுகந்தியே வாங்கினாள். ஒவ்வொன்றையும் மோனிஷாவிடம் காட்டிவிட்டுத்தான் பிரித்தாள். மோனிஷா "நல்லா இருக்குதுக்கா" என்பாள். தன் மகளுக்கு வாங்கிய உடுப்பைத் தான் விருந்தாளி மாதிரி பார்த்துச் சொல்கிறோமே என்று தோன்றும். வெளியே சொல்லமாட்டாள்.

அரை நாள் லீவு போட்டு வார்டு அலுவலகத்துக்குப் போனாள். மடித்தொகைப் பிரிவில் திலகராஜ் என்றொருவர் இருந்தார். ஓய்வு பெறும் வயது. எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுகிறவர்.

"சார், நான்தான் பெத்தவ. ஆதார்ல எம்பேரு இருக்குது. எப்பிடிங்க மாத்துனீங்க?"

"நாங்க மாத்தலம்மா. உங்க பொண்ணு மாத்துனா." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கால்ல ஒரு கொலுசு மாட்டியிருக்கோமில்ல?"

பிறந்த பதினைந்தாம் நாள் எல்லாக் குழந்தைக்கும் மாட்டுகிற சாம்பல் நிற வளையம் அது. சனங்கள் அதைக் கொலுசு என்றே சொன்னார்கள்.

"ஆமாங்க."

"குழந்தை நெஞ்சு எப்ப படபடங்குது, எப்ப அழுகுது, யாரு தூக்குனா அடங்குதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். தூக்குறவங்க நெஞ்சுத் துடிப்ப வெச்சே ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிரும். யாரு மடியில குழந்தை சீக்கிரம் அமைதி ஆகுதோ, பணம் அவங்களுக்கு. அதான் மடித்தொகை."

"அம்மாவுக்குன்னுதான சொன்னாங்க?"

"மொதல்ல அப்படித்தான் குடுத்தாங்க. அதுக்கு முந்தி அப்பன் பேருல போயிட்டிருந்துச்சு, பாதி டாஸ்மாக்ல நின்னுச்சு. அப்பறம் அம்மா பேருக்கு மாத்துனாங்க. புள்ளைய ஊர்ல விட்டுட்டு வந்தவங்களும் வாங்குனாங்க, அங்க வளத்துன பெரியம்மா, அத்தைக்கு ஒண்ணுமில்ல. சண்ட, கேஸு. கடைசியில குழந்தையவே கேட்டுரலாம்னு முடிவு பண்ணுனாங்க. நியாயமாத்தான் தோணுச்சு எல்லாருக்கும்."

அவர் காட்டிய திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. மேலே ஏறிப் போனது சுகந்தியின் கோடு. கீழே தவழ்ந்தது மோனிஷாவுடையது.

"நான் வேலைக்குப் போறதே அவளுக்காகத்தானுங்க சார்."

"தெரியுதும்மா. அத அளக்குறதுக்கு இதுல வழி இல்ல."

"இது தப்புன்னு எழுதிக் குடுக்க முடியுங்களா?"

திலகராஜ் கொஞ்சம் தயங்கினார். "தப்பா இருந்தா எழுதலாம். நீங்களே சொல்லுங்க. பாப்பா விழுந்தா யாருகிட்ட ஓடுறா?"

மோனிஷா கீழே தவழ்ந்த தன் கோட்டைப் பார்த்தாள்.

"தொண்ணூறு நாளைக்கு ஒருவாட்டி இத மறுபடி பாப்பாங்க. அதுக்குள்ள உங்க கோடு ஏறணும், இல்லீன்னா அந்தம்மா கோடு எறங்கணும். வேற வழியில்ல."

அவள் வந்த வழியே கம்பெனிக்குத் திரும்பினாள். ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தாள். தொகையும் இல்லாமல் அரை ஷிப்ட் கூலியும் இல்லாமல் வாடகை கொடுக்க முடியாது. அப்படியே விட்டிருப்பாள். ஆடி மாதத்தில் தாரகைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் விட்டேயிருப்பாள்.

அன்று சுகந்தி காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மோனிஷா லீவு எடுத்து வீட்டில் இருந்தாள். காலை பத்து மணிக்குக் குழந்தையின் உடம்பு கொதித்தது, கண் செருகியது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் பார்த்து ஊசி போட்டுவிட்டு, ஒரு நாள் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நர்ஸ் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சுகந்திங்கறது நீங்களா?"

"இல்லீங்க. நான் அம்மா."

"பெட் போடணும்னா அவங்க வந்து சம்மதம் குடுக்கணும்ங்க. சிஸ்டத்துல உங்களுக்கு உறவினர்னு போட்டிருக்குது."

"நான் பெத்த புள்ளைங்க இது."

"புரியுதுங்க. நானும் ரெண்டு பெத்தவதான். இது என்னைய உள்ள விடமாட்டேங்குது, பாருங்க." நர்ஸ் திரையைக் காட்டினாள்.

சுகந்தி பஸ் பிடித்து வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை மோனிஷா வராந்தா பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டு நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கண் திறக்கும்போதெல்லாம் "சுந்திம்மா" என்றது. சுகந்தி பட்டுச் சேலையோடு ஓடிவந்து தூக்கியதும், தோளில் தலை சாய்த்து அடங்கியது. திரையில் பச்சை விளக்கு வந்தது. கட்டில் கிடைத்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, காலையில் இட்லிப் பாத்திரம் கழுவிக்கொண்டே சுகந்திதான் பேச்சை எடுத்தாள்.

"நான் ஊருக்குப் போயிருக்கறப்ப இவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? மோனி, நாளைக்கு எனக்கே ஒண்ணு ஆச்சுன்னா? உம்பேரு இருக்கோணும். அதுதான் சரி."

"எப்பிடிக்கா?"

"அவ என்னைய வேண்டாம்னு நெனச்சா உம்பேருக்கு வந்துருமில்ல?"

மோனிஷா அவளைப் பார்த்தாள். சுகந்தி தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கமாட்டேன். கூப்புட்டா திரும்பமாட்டேன். மூணு மாசம்தான? சின்னப் புள்ள, மறந்துருவா. நீ ஒரு ஷிப்டோட வந்துரு. வர்ற பணத்த நான் வீட்டுக்குள்ளயே சாமானா வாங்கிப் போடறேன், நீயும் இங்கயே சாப்பிடு. பேர் மாறுனதும் பாத்துக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள்.

சோறு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள். அதோடு சரி. தாரகை கையை நீட்டி "சுந்திம்மா தூக்கு" என்றபோது சுகந்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. சுற்றி வந்து முன்னால் நின்று மறுபடி கையை நீட்டியது. சுகந்தி மறுபடி திரும்பிக்கொண்டாள். அன்று தாரகை அழுத அழுகையில் லைன் வீட்டு ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

ஒரு வாரம் அப்படி. இரண்டாம் வாரம் குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையில் இழுபட்டே வந்தது. கடித்தது. தட்டைத் தூக்கி எறிந்தது. சுகந்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்து விடுவாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருப்பாள்.

மாலை ஐந்தரைக்கு மோனிஷா வந்து, அழுது வீங்கிய குழந்தையைத் தூக்குவாள். கதை சொல்வாள், பார்க்குக்குக் கூட்டிப் போவாள். தாரகை அவள் இடுப்பில் இருந்தபடியே எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாற்பதாவது நாள் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, மோனிஷா வீட்டில் இருந்தாள். குழந்தை முற்றத்தில் ஓடி, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தடுக்கி விழுந்தது. முட்டி தோலுரிந்து ரத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தது. சுகந்தி நேரெதிரே நின்றிருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோனிஷா செம்பைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் தாரகை தானே எழுந்து உட்கார்ந்து, முட்டியைக் கையால் பிடித்து, "ஊ... ஊ..." என்று தானே ஊதிக்கொண்டது. சுகந்தி ஊதிவிடுவது மாதிரியே.

அதற்கப்புறம் அது அழவில்லை.

இருவரும் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள். சுகந்தியின் கோடு இறங்கியது. வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள் என்று சுகந்தி கிளம்பினாள். "பக்கத்துல இருந்தா என்னைக்காச்சும் ஒரு நாள் தூக்கிருவேன் மோனி" என்றாள். வீட்டைக் காலி செய்த அன்று தாரகை வாசலில் உட்கார்ந்து கற்களை அடுக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ கிளம்பியபோதும் தலை தூக்கவில்லை.

தொண்ணூறாம் நாள் செய்தி வந்தது. 'வாழ்த்துகள். தங்கள் மகள் தாரகை தங்கள் அரவணைப்பில் மிகச் சிறந்த அமைதி நிலையில் உள்ளார். மடித்தொகையும் பராமரிப்பாளர் உரிமையும் தங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன.'

மோனிஷா அன்று கேசரி கிண்டினாள். தாரகை ஒரு கரண்டி சாப்பிட்டது. போதுமா என்றால் தலையாட்டியது. இன்னும் வேணுமா என்றாலும் தலையாட்டியது.

சுகந்தி போன மறுநாளிலிருந்தே குழந்தையைப் பால்வாடியில் விட்டிருந்தாள். முதல் வாரமே ஆயா, "இப்பிடி ஒரு சமர்த்த நான் பாத்ததே இல்லீங்க. உட்டுட்டுப் போனா அழுகறதில்ல, கூட்டிப் போக வந்தாலும் ஓடியாறதில்ல" என்றாள். தடுப்பூசிக்குக் கூட்டிப் போனபோது ஊசி ஏறுவதை அது பார்த்துக்கொண்டே இருந்தது. வரிசையில் இருந்த மற்ற தாய்மார்கள் மோனிஷாவிடம் எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார்கள்.

அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு திலகராஜிடம் போனாள்.

"சார், இவ அழமாட்டேங்குறா."

அவர் திரையைப் பார்த்தார். "அமைதி நிலை தொண்ணூத்தாறு வருதேம்மா. இந்த வார்டுலயே இதான் ஒசத்தி."

"எங்கிட்ட மட்டும்தான் வருதுங்களா அது? நீங்க ஒருக்காத் தூக்கிப் பாருங்க."

திலகராஜ் தயங்கிவிட்டு எழுந்து வந்து தூக்கினார். தாரகை அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தது. திரையில் எண் மாறவில்லை. அவர் குழந்தையை நாற்காலியில் இறக்கி விட்டு விலகி நின்றார். யாரும் தொடாத குழந்தையின் கொலுசு திரையில் அதே எண்ணைக் காட்டியது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்பிடி நான் பாக்குறது பதினோராவது குழந்தைம்மா. எல்லாம் பேர் மாத்துன கேஸுக. மேல எழுதி அனுப்புனேன். அமைதி நிலை கூடியிருக்கு, திட்டம் நல்லா வேலை செய்யுதுன்னு பதில் போட்டாங்க."

"இதுக்கு என்னங்க பண்றது?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "அழுகுற புள்ளைக்குத்தான் எங்ககிட்ட மருந்து இருக்குது."

மறுநாள் காலை மோனிஷா கம்பெனிக்குப் போகவில்லை. தாரகையைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவில் பஸ் ஏறினாள். மில் விடுதியின் பின்பக்கம் சமையல் கொட்டகை. சுகந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். கீரையைப் போட்டுவிட்டு எழுந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை.

"எதுக்கு மோனி கூட்டியாந்த? பேரு மறுபடி..."

"பேரு போகட்டும்க்கா. இவளத் தூக்குங்க."

மோனிஷா குழந்தையைக் கீழே விட்டாள். தாரகை அங்கேயே நின்றது. சுகந்தி மெல்ல வந்து அதன் முன்னால் மண்டியிட்டாள். "சாமி" என்றாள்.

குழந்தை அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு கையை ஓங்கி அவள் கன்னத்தில் அடித்தது. சுகந்தி அசையவில்லை. மறுபடி அடித்தது. இரண்டு கையாலும் மாறி மாறி மூக்கிலும் நெற்றியிலும் அடித்தது. "நல்லா அடி கண்ணு, அடி" என்றாள் சுகந்தி. அடித்துக்கொண்டே இருந்த குழந்தையின் வாய் கோணியது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு சத்தம் கிளம்பி, உடைந்து, பெரிய அழுகையாயிற்று.

மோனிஷா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகையை அவள் கேட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

சுகந்தியின் தோளில் விக்கி விக்கித் தாரகை தூங்கிப்போன பிறகு, சுகந்தி மெதுவாகச் சொன்னாள்.

"இன்னொருக்கா என்னால ஆகாது மோனி. இவள மறுபடி தள்ளி உடுன்னு சொன்னீன்னா நான் செத்துருவேன்."

"சொல்லமாட்டேன்க்கா. இங்கயே இருக்கட்டும்."

"நீ?"

"ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்."

"நீயும் இங்கயே வந்துரேன். ரூமு இருக்குது, ரெண்டு பேரும் இருக்கலாம்."

"வர்றப்பவே வாசல்ல கேட்டேன். மில்லு வேலைக்குக் கல்யாணமாவாத புள்ளைகளத்தான் எடுப்பாங்களாம்."

"அப்ப நான் அங்க வந்தர்றேன்."

மோனிஷா குழந்தையின் காலைப் பார்த்தாள். "நீங்களும் நானும் ஒரே எடத்துல இருந்தா அது நம்மள எடை போட்டுக்கிட்டேதான் இருக்கும்க்கா. இவ நடுவுல நிப்பா. யாராச்சும் ஒருத்தர் தள்ளி நின்னுட்டா இவளுக்குப் போட்டி இல்ல."

சுகந்தி அழுதாள். மோனிஷா கொட்டிக்கிடந்த கீரையைக் கூட்டி அள்ளி முறத்தில் போட்டுவிட்டு, குழந்தை எழுந்திருக்கும் முன் கிளம்பினாள்.

அடுத்த மறுபார்வையில் பெயர் மாறியது. திலகராஜ் தானே போன் செய்து சொன்னார். ஆட்சேபம் எழுதுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். மறுபடி ஒன்றரை ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளகோவில் போனாள். பலாச்சுளையோ மிக்சரோ வாங்கிப் போவாள். தாரகை இப்போது எல்லாவற்றுக்கும் அழுதது. தலை சீவினால் அழுதது, தோசை கிழிந்தால் அழுதது, சுகந்தி தண்ணீர் எடுக்கப் பத்தடி தள்ளிப் போனால் அழுது ஊரைக் கூட்டியது. விடுதிப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மோனிஷாவுக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். அவளோடு தாரகை நன்றாகத்தான் விளையாடியது. மடியில் உட்கார்ந்து கதை கேட்டது. ஒரு சுளையை எடுத்து அவளுக்கு ஊட்டக்கூடச் செய்தது.

மறுவருஷம் கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் நேரம் போனது தெரியாமல் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். மணி நாலாகிவிட்டது. மடியிலிருந்த தாரகை என்ன நினைத்ததோ, இறங்கி வாசலுக்கு ஓடியது. ஓரமாகக் கிடந்த மோனிஷாவின் செருப்புகளை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கி வந்து, படிக்குக் கீழே தெருவைப் பார்த்த மாதிரி வைத்தது.

"பஸ்ஸு போயிரும்" என்றது. சுகந்தி சொல்லிக்கொடுத்த மரியாதையோடு, வந்தவர்களை வழியனுப்புகிற குரலில்.

உள்ளே சுகந்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்கண்ணு. போயிரும்" என்று மோனிஷா எழுந்தாள்.

குழந்தை செருப்புகளை வலது இடது மாற்றி வைத்திருந்தது. மோனிஷா அதை அப்படியே காலில் மாட்டிக்கொண்டாள். தாரகை டாட்டா காட்டியது. இவளும் காட்டினாள். கட்டை விரல் வாரில் சிக்கி வலித்தது. தெரு திரும்பும் வரைக்கும் மாற்றிப் போடாமலே நடந்தாள்.